ஆறு பேருக்கும் ஒரே பாலிசியா? பல்லடம் வாசகரின் பிரீமியம் கணக்கு

கேள்வி: பல்லடம் பக்கம் தறிக்குடோன் வைத்து ஜாப் ஒர்க்கில் காடா துணி ஓட்டிக் கொடுக்கிறேன். எனக்கு 38 வயது, மனைவிக்கு 34, பையனுக்கு 11, பாப்பாவுக்கு 7. அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 66, எட்டு வருசமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 61, முழங்கால் வலி தவிர ஒன்றுமில்லை. ஏஜென்ட் ஒருவர் ஆறு பேரையும் ஒரே ஃபேமிலி ஃப்ளோட்டரில் 10 லட்சத்துக்குப் போட மாதம் 8,100 ரூபாய் என்கிறார். இன்னொரு தாளில், எங்கள் நான்கு பேருக்கு மட்டும் 10 லட்சம் என்றால் மாதம் 1,900, அப்பா அம்மாவுக்குத் தனியாக 5 லட்சம், 20 சதவீதக் கோ-பே (பில்லில் அந்தப் பங்கை நாமே கட்டுவது) என்றால் மாதம் 3,850 என்று எழுதித் தந்திருக்கிறார். அப்பாவின் சர்க்கரையைப் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் எழுத வேண்டாமுங்ணா, பிரீமியம் ஏறிப்போகும்” என்கிறார். மாதம் 6,000 வரை என்னால் கட்ட முடியும். தம்பிக்கு 29 வயது, கல்யாணம் ஆகவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் 19,000 சம்பளம், ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அவனுக்கும் தனியாக எடுக்க வேண்டுமா? எது சரியென்று சொல்லுங்கள்.

பதில்: பிரித்தே போடுங்கள். உங்கள் நால்வருக்கு ஒரு பாலிசி, அப்பா அம்மாவுக்கு இன்னொன்று. இரண்டாவது தாள்தான் உங்களுக்கான தாள். ஆனால் அதிலுள்ள 3,850 அப்படியே நிற்கப் போவதில்லை. அது சர்க்கரையை மறைத்துப் போட்ட கணக்கு.

மாதக் கணக்கை வருடத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஒரே ஃப்ளோட்டர் என்றால் வருடம் 97,200. பிரித்தால் மாதம் 5,750, வருடம் 69,000. வித்தியாசம் 28,200. இவ்வளவு இடைவெளி வரக் காரணம், ஃப்ளோட்டரில் பிரீமியம் பெரும்பாலும் வயதில் மூத்தவரை வைத்துத்தான் போடப்படும். அப்பாவை உள்ளே சேர்த்த உடனே 38 வயதுக்காரர் பாலிசி 66 வயதுக்காரர் பாலிசியாக மாறிவிடுகிறது. ஏழு வயதுப் பாப்பாவும் அந்த வண்டியில்தான் போகிறது.

பணம் மட்டுமல்ல. ஒரே ஃப்ளோட்டரில் 10 லட்சம் என்பது ஆறு பேருக்கும் சேர்த்துத்தான். ஒரு வருடத்தில் அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் செய்து 7 லட்சம் போனால், மீதி ஐந்து பேருக்கு அந்த வருடம் 3 லட்சம். தீர்ந்த தொகையைத் திரும்ப நிரப்பும் ரீஸ்டோர் வசதி சில பாலிசிகளில் உண்டு. ஆனால் அதே ஆளுக்கு, அதே நோய்க்கு இரண்டாம் தடவை கிடைக்குமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். கிளெய்ம் எடுக்காத வருடத்துக்குக் கூடும் போனஸும், பல பாலிசிகளில் யாரோ ஒருவர் கிளெய்ம் எடுத்தால் எல்லோருக்கும் சேர்த்துக் குறையும். பிரித்து வைத்தால் உங்கள் 10 லட்சமும் போனஸும் அப்பாவின் சர்க்கரைக்குக் கட்டுப்பட்டு நிற்காது.

இனி அந்தச் சர்க்கரைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி ஏஜென்ட் சொன்ன அந்த ஒரு வரிதான். அதைக் கேட்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் மணி நேரத்தில் டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட் எழுதுவார். “வேற ஏதாவது வியாதி இருக்குங்களா, எத்தனை வருசமா?” என்று கேட்பார். வலியில் இருக்கும் அப்பா உண்மையைச் சொல்வார். சொல்லவும் வேண்டும், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும். உடனே தாளின் மேலே “டைப் 2 சர்க்கரை, 8 வருடம், மாத்திரையில்” என்று ஒரு வரி விழும். அதே வரி டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போகும். பாலிசி எடுத்து இரண்டு வருடம்தான் ஆகியிருக்கிறது, சர்க்கரை எட்டு வருடம் என்றால், கிளெய்ம் பார்ப்பவருக்கு வேறு ஆதாரம் தேவையில்லை. வந்தது நிமோனியாவாக இருந்தாலும், ப்ரொபோசல் ஃபாரத்தில் மறைத்தார்கள் என்ற ஒரே காரணத்துக்குக் கிளெய்மை மறுக்கலாம். பாலிசியையே ரத்தும் செய்யலாம். ஆறு பேரும் அந்த ஒரே பாலிசியில் இருந்தால் ஆட்டம் காண்பது ஆறு பேருடைய காப்பீடும்தான். பிரித்துப் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

“அஞ்சு வருசம் தாண்டிட்டா யாரும் கேக்க மாட்டாங்க” என்று அடுத்ததாக ஏஜென்ட் சொல்லக்கூடும். அதில் பாதி உண்மை. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பிறகு, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது என்று காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐஆர்டிஏஐ 2024ல் விதித்தது. அதற்கு முன் அது எட்டு வருடம். ஆனால் மோசடிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எட்டு வருடம் தினமும் மாத்திரை சாப்பிட்டவர் “இல்லை” என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டதை மறதி என்று யாரிடமும் வாதாட முடியாது. தவிர, 66 முதல் 71 வரை ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டார் என்று பந்தயம் கட்டுவதற்கா மாதம் 3,850 கட்டுவது?

எழுதினால் என்ன ஆகும்? முதலில் ஹெச்பிஏ1சி, கிரியாட்டினின், ஈசிஜி என்று சில டெஸ்ட் கேட்பார்கள். முடிவைப் பார்த்து நான்கில் ஒன்று நடக்கும்: அதே பிரீமியத்தில் ஏற்றுக்கொள்வார்கள், லோடிங் போட்டுக் கூட்டுவார்கள், சர்க்கரை சம்பந்தப்பட்டவற்றுக்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள், அல்லது வேண்டாம் என்பார்கள். காத்திருப்பு வந்தாலும் முன்பிருந்த நோய்க்கு இப்போது அதிகபட்சம் 36 மாதம்தான், முன்பு 48. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்றே முதல் நாளில் இருந்தோ குறைந்த மாதங்களிலோ காப்பீடு தரும் பாலிசிகளும் சந்தையில் இருக்கின்றன; அவற்றில் பிரீமியம் தூக்கலாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று கம்பெனிகளில் உண்மையை எழுதிக் கேட்டுப் பாருங்கள். ஒன்று மறுத்தால் இன்னொன்று எடுக்கக்கூடும். ஆனால் ஒரு கம்பெனி மறுத்திருந்தால், அடுத்த ஃபாரத்தில் “வேறு கம்பெனி எப்போதாவது மறுத்ததா?” என்ற கேள்விக்கும் உள்ளதை எழுத வேண்டும்.

சர்க்கரைக்குக் காத்திருப்பு இருக்கும்போது டெங்கு, எலும்பு முறிவு, குடல்வால் போன்றவை கிடைக்குமா என்றால், கிடைக்கும். விபத்துக்கு முதல் நாளில் இருந்தே உண்டு. மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் கழித்து. சிக்கல் நடுவில் நிற்கும் நோய்களில்தான். சர்க்கரைக்காரருக்கு மாரடைப்போ சிறுநீரகக் கோளாறோ வந்தால், அது சர்க்கரையின் விளைவு என்று கம்பெனி சொல்லும், இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த மூன்று வருடத்துக்கு வேறு ஒரு கை இருந்தால் நல்லது. உங்கள் வீட்டில் அது இருக்கிறது.

அது தம்பியின் ஈ.எஸ்.ஐ. சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. 19,000க்குத் தம்பியிடம் பிடிப்பது மாதம் 143 ரூபாய்தான். இதில் அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் குடும்பமாகச் சேர்க்கலாம். பனியன் கம்பெனிகளில் பலர் சேர்ந்த அன்று தன் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள்; உங்கள் தம்பியும் அப்படித்தான் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். கம்பெனி ஹெச்.ஆர். வழியாக அப்பா, அம்மா ஆதாரோடு பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். சார்ந்திருக்கும் பெற்றோருக்கு வருமான வரம்பு இருக்கிறது. அப்பா பெயரில் தோட்டத்து வருமானமோ கடை வாடகையோ வந்தால் அதையும் சொல்லித்தான் சேர்க்க வேண்டும். இங்கேயும் மறைக்க வேண்டாம்.

பெயர் ஏறிவிட்டால் மாதாமாதம் சர்க்கரை மாத்திரையை ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலேயே வாங்கலாம். வீட்டுச் செலவில் உடனே தெரியும் மிச்சம் இது. எந்த ஹெல்த் பாலிசியும் சாதாரணமாக இந்த மாத்திரைச் செலவைத் தருவதில்லை. படுக்க வைக்க வேண்டியது வந்தால் கோவை சிங்காநல்லூரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

அப்படியானால் பெற்றோர் பாலிசியே வேண்டாமே என்று தோன்றும். வேண்டும். தம்பி சம்பளம் 21,000ஐத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. போய்விடும். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று சந்தாவுக்கு இரண்டு அரையாண்டு. நடுவில் சம்பளம் ஏறினால் அந்த அரையாண்டு முடியும் வரை பிடிப்பார்கள், பிறகு நின்றுவிடும். 19,000 வாங்குபவருக்கு 21,000 என்பது ஒன்றிரண்டு இன்கிரிமென்ட் தூரம்தான். அன்றைக்குப் போய் 69 வயது அப்பாவுக்குப் புதிதாகப் பாலிசி கேட்டால் பிரீமியமும் ஏறியிருக்கும், காத்திருப்பும் முதலில் இருந்து தொடங்கும். ஆகவே பாலிசியை இப்போதே எடுத்து, சர்க்கரைக்கான மூன்று வருடக் காத்திருப்பை ஈ.எஸ்.ஐ. நிழலில் கழியுங்கள். ஒன்று முடியும்போது இன்னொன்று முழுதாக நிற்கும்.

தம்பிக்கும் இதே கணக்குத்தான். இன்று ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, அவசரமில்லை. ஆனால் 29 வயதில், நோய் எதுவும் இல்லாதபோது, ஒற்றை ஆளுக்கு 5 லட்சம் எடுப்பது இந்த வீட்டிலேயே மலிவான பாலிசியாக இருக்கும். வரும் வருடம் எடுக்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரசவச் செலவு வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காத்திருப்பு உண்டு. கல்யாணம் நிச்சயமான பிறகு தேடினால் தாமதம்தான்.

முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஊரில் யாராவது சொல்வார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால்தான் அது. தறி வைத்து மாதம் 6,000 பிரீமியம் கட்ட முடிகிறவருக்குப் பொருந்தாது.

அடுத்து, மாதத் தவணை. மாதம் 1,900 என்று கேட்டால் இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே தடவையாகக் கட்டினால் வருடத்துக்கு எவ்வளவு என்று தனியாக எழுதி வாங்குங்கள். மாதத் தவணைக்குக் கொஞ்சம் கூட்டிப் போடும் கம்பெனிகள் உண்டு. தொகையை விட முக்கியமானது கெடு. வருடப் பிரீமியத்துக்குக் கிரேஸ் 30 நாள், மாதத் தவணைக்கு 15 நாள்தான். அந்த நாட்களுக்குள் கட்டினால் எதுவும் கெடாது. தாண்டினால் பாலிசி செத்துவிடும். புதிதாக எடுத்தால் 36 மாதக் காத்திருப்பு மறுபடி ஒன்றில் இருந்து.

தறிக்காரருக்கு இது வெறும் எச்சரிக்கை அல்ல. கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தினால் வாரக் கணக்கில் ஓடாது. நூல் விலை ஏறினால் பாவு வராது. அந்த மாதம் 5ஆம் தேதி பேங்க் கணக்கில் 5,750 இல்லையென்றால் ஆட்டோ-டெபிட் திரும்பும். மெசேஜ் வரும், அதை யாரும் பார்க்க மாட்டார்கள். 20ஆம் தேதி எல்லாம் முடிந்துவிடும். இரண்டு வருடம் கட்டிக் கழித்த காத்திருப்பு ஒரு ஸ்ட்ரைக்கில் கரையும். மாதத் தவணையில் இன்னொரு விஷயம்: தவணை பாக்கி இருக்கும்போது கிளெய்ம் வந்தால், பெரும்பாலான பாலிசிகளில் அந்த வருடத்தின் மீதித் தவணையை மொத்தமாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

உங்களுக்குச் சரிப்படுவது வருடப் பிரீமியம். சனிக்கிழமை கூலி கைக்கு வரும்போது வாரம் 1,330 எடுத்துத் தனிக் கணக்கில் போட்டால் 52 வாரத்தில் 69,160. இரண்டு பாலிசிக்கும் புதுப்பிக்கும் தேதியை ஆறு மாத இடைவெளியில் வைத்தால் பாரம் ஒரே மாதத்தில் விழாது. முதல் வருடத்துக்கு மட்டும் கையில் மொத்தமாக இல்லையென்றால், நால்வர் பாலிசியை வருடமாகவும், பெற்றோருடையதை அரையாண்டு அல்லது காலாண்டாகவும் எடுங்கள். அவற்றுக்கு 30 நாள் கிரேஸ் உண்டு.

இப்போது 5 லட்சம், 20 சதவீதக் கோ-பே என்பது ஆஸ்பத்திரிப் பில்லில் எப்படி இறங்கும் என்று பாருங்கள். பிரீமியம் குறைவாக இருக்கும் முதியோர் பாலிசிகளில் ரூம் வாடகைக்கும் வரம்பு இருக்கும். பொதுவாக ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 5,000. அம்மா குடோன் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது, கோவையில் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கமாக இருக்கட்டும் என்று 8,000 ரூபாய் ரூம் எடுக்கிறீர்கள், நாலு நாள். ரூம் 32,000. டாக்டர், மயக்க மருந்து டாக்டர், ஓ.டி., நர்சிங் 1,20,000. மருந்து, எலும்பில் வைத்த பிளேட், எக்ஸ்ரே, லேப் 78,000. மொத்தம் 2,30,000.

ரூமுக்கு 20,000தான் கிடைக்கும், அது புரியும். யாரும் எதிர்பார்க்காதது அடுத்த வெட்டு. 8,000ல் 5,000 என்பது 62.5 சதவீதம், அதே விகிதத்தில் டாக்டர், ஓ.டி. கட்டணமும் குறைந்து 1,20,000 என்பது 75,000 ஆகும். பல ஆஸ்பத்திரிகளில் ரூம் வகையைப் பொறுத்தே டாக்டர் கட்டணமும் ஓ.டி. கட்டணமும் ஏறுவதால்தான் இந்த விதி. மருந்து, பிளேட், லேப் ஆகியவற்றை இப்படி வெட்டக் கூடாது. ஐசியூ கட்டணத்துக்கும் இந்த வெட்டு கிடையாது. ரூம் பார்த்துக் கட்டணம் மாற்றாத ஆஸ்பத்திரியிலும் இதைச் செய்யக் கூடாது. பில்லில் அப்படி வெட்டியிருந்தால் சண்டை போடுங்கள். ஆக, ஒப்புக்கொள்வது 1,73,000. அதில் 20 சதவீதக் கோ-பே 34,600 போனால் கம்பெனி தருவது 1,38,400. உங்கள் கையில் இருந்து 91,600. கையுறை, சில துடைப்பான்கள், ஃபைல் சார்ஜ் போன்ற சில்லறை இதில் சேரவில்லை. ரூமில் நாளைக்கு 3,000 கூட, நாலு நாளைக்கு 12,000தானே என்று எடுத்தது, கோ-பேக்கு முன்பே 57,000 ஆகியிருக்கிறது. 5,000க்குள் ரூம் எடுத்திருந்தால் மிஞ்சுவது கோ-பேயும் சில்லறையும்தான். அட்மிஷன் டெஸ்க்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “என் பாலிசிக்கு எந்த ரூம்?”

கோ-பேயைப் பார்த்துப் பயந்து பாலிசியை விட வேண்டாம். ஒப்புக்கொண்ட பில் 5 லட்சம் வந்தாலும் கோ-பேயாக உங்கள் பங்கு 1 லட்சம். அதைச் சேர்த்துவிடலாம். பெற்றோர் பிரீமியத்தில் பாதி, 1,925, தம்பி ஏற்கட்டும். அப்போது உங்கள் பங்கு 1,900ம் 1,925ம் சேர்ந்து 3,825. நீங்கள் ஒதுக்கிய 6,000ல் மீதி 2,175. அதை மாதாமாதம் பேங்கில் ஆர்.டி.யாகப் போட்டால் வருடம் 26,100. நாலு வருடத்தில் வட்டி இல்லாமலே 1,04,400. ஏலச்சீட்டில் போடாதீர்கள். ஆஸ்பத்திரி நாளும் சீட்டு ஏல நாளும் ஒன்றாக அமையாது.

சர்க்கரைக்கு லோடிங் வந்து கணக்கு 6,000ஐத் தாண்டினால் எங்கே வெட்டுவது? அப்பா பக்கம் வெட்டாதீர்கள். உங்கள் பக்கம் வெட்டலாம். நால்வருக்கும் நேரடியாக 10 லட்சத்துக்குப் பதில் 5 லட்சம் அடிப்படைப் பாலிசியும், 5 லட்சம் டிடக்டபிள் வைத்து அதற்கு மேல் தரும் சூப்பர் டாப்-அப்பும் எடுங்கள். முதல் 5 லட்சத்தைத் தாண்டும் நோய் அரிது என்பதால் சூப்பர் டாப்-அப் மலிவு. மொத்தக் காப்பீடு 10 லட்சத்துக்கும் மேலேயே போகும். பெயரில் ஏமாறாதீர்கள். வெறும் டாப்-அப் ஒவ்வொரு தடவைப் பில்லையும் தனியாகப் பார்க்கும். வருடத்தில் ஒரு தடவை 4 லட்சம், இன்னொரு தடவை 3 லட்சம் என்றால் டாப்-அப்பில் ஒன்றும் வராது, எந்தப் பில்லும் 5ஐத் தாண்டவில்லை. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 7 என்று பார்த்து 2 லட்சம் தரும். இரண்டையும் ஒரே கம்பெனியில் எடுத்தால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு இரண்டு இடம் அலைய வேண்டாம்.

ஜிஎஸ்டியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கும் ஃபேமிலி ஃப்ளோட்டருக்கும் ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முன் 18 சதவீதம். ஏஜென்ட் கொடுத்த தாளில் வரி என்று தனி வரி இருந்தால் அது பழைய தாள், அல்லது அது குரூப் பாலிசி. பேங்க் வாடிக்கையாளர்களுக்கென்று விற்கும் குரூப் பாலிசிகளுக்கு வரிவிலக்கு கிடையாது. பிரீமியம் குறைவாகத் தெரியும். ஆனால் பேங்க்குக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் முறிந்தால் நீங்கள் நடுவில் நிற்பீர்கள். பெற்றோருக்கு அதை நம்ப வேண்டாம்.

வரிச்சலுகைப் பேச்சுக்கு மயங்க வேண்டாம். 80டி பிரிவில் குடும்பத்துக்கு 25,000, மூத்த குடிமக்களான பெற்றோருக்கு 50,000 கழிவு என்பது பழைய வரி முறையில் மட்டும். நீங்கள் புதிய முறையில் கணக்குக் காட்டுகிறவராக இருந்தால் அதில் ஒரு பைசா இல்லை.

மாதம் 3,850 என்றைக்கும் 3,850 அல்ல. 60 தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்ற வேண்டுமென்றால் முன்கூட்டித் தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. அந்த 10ஐயே வைத்துப் போட்டாலும் இன்றைய 46,200 ஐந்தாம் வருடம் 67,600ஐத் தாண்டும். மாதம் 5,640 போல. தம்பியோடு பேசும்போது இந்தத் தொகையை வைத்துப் பேசுங்கள். இன்றையதை வைத்துப் பேசினால் மூன்றாம் வருடம் மனஸ்தாபம் வரும். தாங்காத ஏற்றம் வந்தால் வேறு கம்பெனிக்கு மாற்றலாம். கழித்த காத்திருப்பும் கூடவே வரும். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்பு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் புதிய கம்பெனி ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. 70 வயதில் மாற்றுவதைவிட, இப்போதே நல்ல இடமாகப் பார்ப்பது மேல்.

அம்மாவின் முழங்காலையும் எழுதிவிடுங்கள். மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பாலிசியைப் பொறுத்து 24 அல்லது 36 மாதம் எல்லோருக்குமே காத்திருப்பு. கண்புரை, குடலிறக்கம், பித்தப்பைக் கல் போன்றவற்றுக்கும் இப்படித் தனிப் பட்டியல் இருக்கும். டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்திருந்தால், அந்தத் தேதியும் சேர்த்து.

கையெழுத்துக்கு முன் ஏஜென்டிடம் கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்டைக் கேளுங்கள். இரண்டு மூன்று பக்கம்தான். ரூம் வரம்பு, கோ-பே, காத்திருப்பு எல்லாம் அதில் இருக்கும். தமிழில் கேட்டாலும் தர வேண்டும். பல்லடம் பின்கோட் போட்டு எடுத்துக் கோவையில் படுத்தால் கூடுதல் கோ-பே உண்டா என்று அதிலேயே பாருங்கள். சில கம்பெனிகள் ஊர்களை மண்டலமாகப் பிரித்துத்தான் பிரீமியம் போடுகின்றன. நீங்கள் போகக்கூடிய பல்லடம், திருப்பூர், கோவை ஆஸ்பத்திரிகள் நான்கைந்தை எழுதிக்கொடுத்து, எவற்றில் கேஷ்லெஸ் உண்டு என்று பக்கத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். கேஷ்லெஸ் அனுமதி ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்திலும் வர வேண்டும் என்பது விதி. அட்மிஷன் டெஸ்க்கில் டிபிஏ (கம்பெனிக்காகக் கிளெய்ம் பார்க்கும் நிறுவனம்) ஆள் இழுத்தடித்தால் இதைச் சொல்லலாம்.

பாலிசி வந்ததும் பெரும்பாலோர் முதல் பக்கத்தில் பெயரை மட்டும் பார்த்து பீரோவில் வைத்துவிடுவார்கள். நீங்கள் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். ப்ரொபோசல் ஃபாரத்தின் நகல் அங்கே இருக்கும். அப்பா பெயருக்கு நேரே “சர்க்கரை நோய்” என்ற இடத்தில் “ஆம்”, எத்தனை வருடம், என்ன மாத்திரை என்பது அச்சாகியிருக்கிறதா பாருங்கள். நீங்கள் சொன்னதை ஏஜென்ட் டேப்லெட்டில் “இல்லை” என்று அழுத்தியிருக்கக்கூடும். தப்பாக இருந்தால் அன்றைக்கே கம்பெனிக்கு ஈமெயிலில் திருத்தம் எழுதி, வந்த பதிலைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். திருத்தினால் பிரீமியம் கட்டுப்படியாகாது என்றால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் ஃப்ரீ-லுக்கில் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், காப்பீடு இருந்த நாட்களுக்கான பங்கு போக மீதிப் பணம் திரும்பி வரும்.